வேன் கூரையில் அடைத்த துண்டு

தம்பி,

வெள்ளிக்கிழமை நீ அனுப்பிய வீடியோவில் வேன் கண்ணாடியின் உள்பக்கம் பனி பூத்திருந்தது. "ம்மா, பாரு, ஐஸ் வெளிய இல்ல, உள்ள!" என்று நகத்தால் கீறிக் காட்டினாய். உன் அப்பா அதை ஃபேக்டரி ஸ்டோரில் இருக்கிற எல்லாருக்கும் காட்டிவிட்டார். ராஸ் அல் கைமாவில் ஏசியை அணைத்துவிட்டுத் தூங்கலாம் என்கிற அளவுக்குக் குளிர் வந்தாலே கம்பளியைத் தேடுகிற ஆட்கள் நாங்கள். எல்லாரும் கண்ணாடியைப் பார்த்து வாய் பிளந்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன். காற்று போக வர கூரையில் ஒரு சின்னத் திறப்பு இருக்கிறதே, அதில் ஒரு துண்டை உருட்டி அடைத்திருந்தீர்கள். பச்சைக் கரை போட்ட துண்டு. நீ கனடாவுக்குக் கிளம்பும்போது பெட்டியில் நான் மடித்து வைத்த ஈரோட்டுத் துண்டு. அதற்குக் கீழே கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அடுப்பின் மேல் பாத்திரம் எதுவும் இல்லை.

வீடியோ முடிவதற்குச் சற்று முன்னால் நீங்கள் பேசுவதும் கேட்கிறது. நீ உன் கூட்டாளி குர்ஜித்திடம் இந்தியில், மேலே கொஞ்சம் திறந்து வைக்கலாமா என்று கேட்கிறாய். கேட்கும்போதே குரல் இறங்கிவிடுகிறது. "அரே யார், டண்ட் மே மர் ஜாயேங்கே!" என்கிறான் அவன். குளிரில் செத்துப்போவோமாம். உடனே நீ சிரிக்கிறாய். அந்தச் சிரிப்பை நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். வேடிக்கையாக இருப்பதால் வருகிற சிரிப்பு இல்லை அது. நான் கேட்டது கேட்காததாகவே இருக்கட்டும் என்று சொல்கிற சிரிப்பு. என்னிடமிருந்து உனக்கு வந்தது.

அன்றைக்கே போன் செய்து, "துண்ட எடுத்துருப்பா" என்றேன். "சரிம்மா" என்றாய். அந்த 'சரி' எப்படிப்பட்டது என்றும் எனக்குத் தெரியும். குர்ஜித் நல்ல பையன். நீ போய் இறங்கிய வாரம் தன் ரூமில் இடம் கொடுத்தவன், தெரிந்த ஆளிடம் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தவன். வேனும் அவனுடையது. அவன் மனம் கோணும்படி ஒன்றைச் சொல்ல உனக்கு நாக்கு எழாது. வருகிற சனிக்கிழமை இருவரும் ஐந்து நாள் மலைப் பக்கம் போகிறீர்கள். அதற்குள் நீ இதைப் படித்துவிட வேண்டும். போனில் சொன்னால் என் குரலும் இறங்கிவிடும், அதனால் எழுதுகிறேன். எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. இங்கே ஒவ்வொரு குளிர்காலமும் ஏதாவது ஒரு லேபர் கேம்ப் ரூமில் யாராவது அணையாத கரியை உள்ளே கொண்டுவந்து வைத்துக்கொண்டு கதவைச் சாத்துகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. புதுக்கோட்டையிலிருந்து லீவுக்கு வீட்டுக்குப் போனால் சித்தப்பாக்கள், "வாங்க கலெக்டரம்மா! இந்த ரசத்துல என்னென்ன ஆசிட் இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்பார்கள். பாசமாகத்தான் சொல்வார்கள். ஆனால் எனக்கு முகம் சுருங்கிவிடும். நான் ஏதாவது தெரிந்ததைச் சொன்னால் கூடத்தில் இருக்கிற எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும், அதைத் தாங்க முடியாது. அதனால் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கப் பழகிக்கொண்டேன். அதற்கு அடக்கம் என்று ஒரு நல்ல பெயரும் கிடைத்தது. பெண் பார்க்க வந்த உன் அப்பா வீட்டார்கூட, "படிச்ச திமிரே இல்ல" என்று பாராட்டித்தான் சம்மதம் சொன்னார்கள். அந்தப் பாராட்டில் நான் பல வருடம் வாழ்ந்தேன்.

இனி நான் சொல்லப்போவது இங்கே இருக்கிற ஜெயிஸ் மலைக்குப் போன கதை. உனக்கு அது தெரியும் என்று நினைக்கிறாய். வாந்தி எடுத்ததும், ஆஸ்பத்திரியில் மூக்கில் பிளாஸ்டிக் மாஸ்க் வைத்ததும் உனக்கு ஞாபகம் இருக்கிறது. மற்றதெல்லாம் மற்றவர்கள் சொன்னது. உனக்கு அப்போது ஐந்து வயது. சொக்கலிங்கம் பெரியப்பாவும் மீனாள் பெரியம்மாவும் நம் சொந்தக்காரர்கள் இல்லை, உன்னை அப்படிக் கூப்பிடச் சொல்லிக் கொடுத்திருந்தோம். சொக்கலிங்கம் அண்ணன்தான் உன் அப்பாவுக்கு டைல்ஸ் ஃபேக்டரியில் விசா எடுத்துக் கொடுத்தவர். நம் மூவரையும் தங்கள் ஃப்ளாட்டின் ஒரு ரூமில் குடிவைத்திருந்தார்கள். பிள்ளை இல்லாத மீனாள் அக்கா உன்னைத் தரையில் விடமாட்டாள். சனிக்கிழமை உனக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, தூபக்காலில் இரண்டு கரித்துண்டு போட்டு, சாம்பிராணி தூவி, உன் தலையைப் புகையில் காட்டுவாள். அந்த வாசனை வந்ததும் அவள் தோளிலேயே தூங்கிவிடுவாய்.

அந்தக் குளிர்காலத்தில், மலை உச்சியில் ஐஸ் விழுந்திருக்கிறது என்று ஃபேக்டரியில் ஒரே பேச்சு. அண்ணனிடம் ஒரு பழைய வேன் இருந்தது. பின் சீட்டுகளைக் கழற்றி மெத்தை போட்டு, ஜன்னல்களுக்கு அக்காவின் பழைய சேலையில் திரை தைத்து மாட்டி, அதை ஒரு சின்ன வீடாகவே ஆக்கியிருந்தார். வெள்ளிக்கிழமை விடியற்காலை சுபுஹு பாங்கு சொல்லும் நேரத்தில் கிளம்பினோம். மலையில் அப்போது ரோடு பாதிதான் போட்டிருந்தார்கள். ஏற ஏற முன் கண்ணாடியில் ஆவி படிந்தது. ஹீட்டரைத் திருகினார் அண்ணன், வரவில்லை. இந்த ஊரில் எவன் ஹீட்டர் போடப்போகிறான் என்று வொர்க்‌ஷாப்காரன் அதன் குழாயை எப்போதோ அடைத்துவிட்டிருந்தான். அண்ணன் பேப்பரைக் கசக்கித் துடைத்தார், அடுத்த வளைவில் மறுபடியும் வெள்ளை. பக்கத்தில் இருந்த உன் அப்பா கையை நீட்டி ஏசியைப் போட்டார். "யோவ், நடுங்குற குளிர்ல ஏசி போடுறியே, ஒனக்குக் கிறுக்கா?" என்றார் அண்ணன். இரண்டு நிமிடத்தில் கண்ணாடி தெளிந்துவிட்டது. "அட!" என்றார் அண்ணன், அவ்வளவுதான். ஏசி காற்றிலிருக்கிற ஈரத்தை எடுத்துவிடும், அதனால் கண்ணாடி தெளியும். காரணம் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும், அப்பாவுக்குப் பழக்கத்தில் தெரியும். அவர் யாரிடமும் கேட்கவில்லை என்பதை மட்டும் இப்போதைக்கு ஞாபகம் வைத்துக்கொள்.

தார் ரோடு முடிகிற இடத்தில் நிறுத்தினோம். ஐஸும் இல்லை, ஒன்றும் இல்லை. காற்று மட்டும் கல்லைத் தூக்கி எறிகிற மாதிரி அடித்தது. பாறை மறைவில் அண்ணனும் அப்பாவும் கரி அடுப்பை மூட்டி டீ போட்டார்கள். உனக்கு ஏற்கனவே சளி, உதடு நீலம் பாரித்துப் பல் அடித்துக்கொண்டது. அக்கா உன்னைத் தூக்கிக்கொண்டு வேனுக்குள் வந்தாள், நானும் ஏறினேன். "சாம்பிராணி போட்டா சளியும் கேக்கும், குளிரும் கேக்கும்" என்றாள். எங்கே போனாலும் பையில் சாம்பிராணி வைத்திருப்பாள். தூபக்கால் இல்லாததால் அண்ணனிடம் சொல்லி, ஒரு இரும்புச் சட்டி நிறையக் கரி நெருப்பை வாங்கி மெத்தை ஓரமாக ஒரு பலகையில் வைத்தாள். கதவை இழுத்துச் சாத்தினாள். திரைகளை ஒழுங்காக இழுத்துவிட்டாள். காற்று வருகிற ஒரு ஜன்னல் இடுக்கில் உன் துண்டை மடித்துச் செருகினாள்.

எனக்குத் தெரியும், தம்பி. எங்கோ கேள்விப்பட்ட மாதிரி அரைகுறையாகத் தெரியவில்லை. மூடிய இடத்தில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு நிறமும் இல்லை மணமும் இல்லை, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று இரண்டாம் வருடப் பரீட்சையில் ஒரு பக்கம் எழுதி முழு மார்க் வாங்கியவள் நான். சட்டி உள்ளே வரும்போதே அந்தப் பக்கம் என் கண்முன் நின்றது. "அக்கா, கதவக் கொஞ்சம் தொறந்து வைக்கவா?" என்று கேட்டேன். "எதுக்குடி? இருக்குற சூட்டையும் வெளிய விடவா?" என்றாள். கரியைக் கொடுத்துவிட்டு முன் பக்கம் ஏதோ எடுத்துக்கொண்டிருந்த அண்ணன், "தங்கச்சி படிச்ச புள்ளல்ல, பொக ஒத்துக்காது. ஊதுபத்தி வாசம்தான் பிடிக்கும்" என்றார். அக்கா சிரித்தாள். வெளியே நின்ற உன் அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். முன் கதவையும் சாத்திவிட்டு அண்ணன் கரி அடுப்புப் பக்கம் போனார்.

ஐந்து நிமிடம் பார்ப்போம், அக்கா அசந்ததும் நைசாகத் திறந்துவிடலாம் என்று நினைத்தேன். சாம்பிராணி வாசனையில் நீ உடனே தூங்கிவிட்டாய். உன் கன்னத்தில் சிவப்பு ஏறியது. பாவம், சூடு பிடித்துவிட்டது பிள்ளைக்கு என்று ஒரு மனம் சொன்னது. அந்த வாயு ஏறினாலும் அப்படித்தான் சிவக்கும் என்று பாடப்புத்தகம் படித்த இன்னொரு மனம் சொன்னது. "தலைய வலிக்குதுடி, மலை ஏறுனதுல" என்று சொல்லிவிட்டு அக்கா கண்ணை மூடினாள். எனக்கும் வலித்தது. நீ தூக்கத்திலேயே வாந்தி எடுத்தாய், உன் தலை என் கையில் துணி மாதிரித் தொங்கியது. கதவுப் பிடியில் கை வைத்தேன். வைத்தேன், அவ்வளவுதான். அக்கா விழித்தால் என்ன சொல்வாள், விசா கொடுத்த மனுஷருடைய வேனில் இந்த அதிகாரம் எனக்கு எதற்கு, திறந்து பார்த்து ஒன்றும் இல்லையென்றால் இன்னொரு தடவை சிரிப்பார்களே. கையில் நீ அப்படிக் கிடக்கும்போது உன் அம்மாவின் தலைக்குள் ஓடியது இதுதான். புகை என் புத்தியை மந்தமாக்கியிருந்தது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், பல வருடம் சொல்லியும் பார்த்தேன். ஆனால் அந்தக் கூச்சம் புகைக்கு முன்னாலேயே என்னிடம் இருந்தது.

அப்போது கதவு திறந்தது. உன் அப்பா தலையை உள்ளே விட்டு, "சீனி டப்பா எங்க இருக்கு?" என்றார்.

அவ்வளவுதான், தம்பி. டீக்குச் சீனி போதவில்லை. அதனால் நீ இருக்கிறாய்.

பிறகு நடந்ததெல்லாம் நீ கேட்டதுதான். உன்னை வெளியே தூக்கிப் போட்டு முகத்தில் தண்ணீர் அடித்தது, அக்காவை இழுத்துக் கிடத்தியது, அண்ணன் ஹார்ன் அடித்துக்கொண்டே மலை இறங்கியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் விசாரித்தபோது அண்ணன், "தங்கச்சிதான் சார் கண்டுபிடிச்சுக் கதவத் தொறந்துச்சு. கை கதவுலேயே இருந்துச்சு. கெமிஸ்ட்ரி படிச்ச புள்ள சார்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அங்கேயும் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியிருந்தது, ஆனால் இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கதை ஊர் வரைக்கும் போயிற்று. என்னைக் கலெக்டரம்மா என்று கேலி செய்த சித்தப்பா போனில் அழுதார். நீ ஆறாம் வகுப்பில் 'மை மதர் தி சயின்டிஸ்ட்' என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு வந்தாய். கீழே கையெழுத்துப் போடச் சொன்னாய். போட்டேன். இப்போது ஸ்கூல் லேபில் வேலை பார்க்கிறேனே, ஒவ்வொரு வருடமும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த வாயுவைப் பற்றி டீச்சர் நடத்தும்போது, "உங்க லேப் மேடம் ஒரு தடவ என்ன செஞ்சாங்க தெரியுமா" என்று சொல்லாமல் விடமாட்டார். நான் பீக்கர் கழுவிக்கொண்டு திரும்பாமல் நிற்பேன்.

இதில் ஒரு ஆளுக்கு மட்டும் பெரிய அநியாயம் நடந்துவிட்டது. மீனாள் அக்கா அன்றைக்குப் பிறகு வீட்டில் சாம்பிராணி போடவே இல்லை. "பெத்தவ இருந்ததால புள்ள பொழைச்சான், நான் கொன்னுல்ல இருப்பேன்" என்று ஊருக்குத் திரும்பிப் போன பிறகும் ஒவ்வொரு போனிலும் சொல்கிறாள். அவளுக்குத் தெரியாமல் செய்தாள். தெரிந்தே பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். உனக்கு எழுதி முடித்ததும் அவளுக்குத்தான் போன் செய்ய வேண்டும். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று இன்னும் தெரியவில்லை.

உன் அப்பாவிடம் நேற்று மாலை சொன்னேன். ஸ்டோரிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தக் கதவ வெளிய இருந்து நாந்தானே தொறந்தேன், எனக்குத் தெரியாதா?" என்றார். "அப்ப ஏன் இத்தன வருஷம் சொல்லல?" என்றேன். "அந்தக் கதைக்கு அப்பறம்தான் நீ நாலு பேர் மத்தியில வாயத் தொறந்து பேச ஆரம்பிச்ச. லேப் வேலைக்கு இன்டர்வியூ போன. நல்லாத்தானே இருந்துச்சு, எதுக்குக் கெடுக்கணும்?" என்றார். செருப்பை ஓரமாக வைத்துவிட்டு, "அன்னிக்கு நானும் சிரிச்சேன்ல" என்றார். அப்புறம் சட்டையை மாற்றப் போய்விட்டார்.

துபாய்ப் பக்கம் உட்கார்ந்துகொண்டு பனிக்கு யோசனை சொல்கிறாள் என்று நீ சிரிப்பாய். இந்தச் சிரிப்பு பரவாயில்லை. உங்கள் கண்ணாடிக்கு உள்ளே ஏன் ஐஸ் கட்டுகிறது என்று யோசித்தாயா? இங்கே ஆகஸ்டில் ஏசி ரூமின் ஜன்னலுக்கு வெளிப்பக்கம் தண்ணீர் வழியுமே, அதே விஷயம்தான், பக்கம் மட்டும் மாறியிருக்கிறது. நீங்கள் இருவரும் விடுகிற மூச்சு, காயப்போட்ட சாக்ஸ், அந்த கேஸ் அடுப்பு எரியும்போது வருகிற ஈரம் எல்லாம் போக வழியில்லாமல் குளிர்ந்த கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டு உறைகிறது. ஆக, சூட்டுக்காக நீங்கள் அடைத்த துண்டும் ஏற்றிய அடுப்பும்தான் அந்த ஐஸைச் செய்கின்றன. மேலே இரண்டு விரல் திறந்திருந்தால் கொஞ்சம் குளிரும், ஆனால் கண்ணாடி காயும், படுக்கையும் ஈரமாகாது. ஜன்னலுக்கு வெளிப்பக்கமாகக் கனமான விரிப்பு ஒன்றைக் கட்டு. ஈரச் சட்டையோடு படுக்காதே, காய்ந்ததை மாற்றிக்கொண்டு போர்த்து. காலையில் ஓட்டும்போது ஹீட்டரோடு ஏசியையும் சேர்த்துப் போடு, உன் அப்பா சொல்லச் சொன்னார். ஐஸைக் கரைக்கக் கண்ணாடியில் கொதிநீர் ஊற்றாதே, விரிசல் விட்டுவிடும். வேனை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் கீழே இறங்கிப் புகைக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று பார், மூடியிருந்தால் தள்ளிவிட்டு அப்புறம் சாவியைத் திருப்பு. அடுப்பு சமைக்க மட்டும், அதுவும் திறப்புக்குக் கீழே, சமைத்ததும் அணை. இந்த வாயு வந்தால் கத்துகிற ஒரு சின்ன அலாரம் கடையில் கிடைக்கிறது. அதை வாங்காமல் மலைக்குப் போகாதே. அதற்குக் கூச்சம் கிடையாது. யார் மனம் கோணும் என்று பார்க்காமல் கத்தும்.

தலை வலித்தால் மலை ஏறியதால் என்று நினைக்காதே. இருவருக்கும் ஒரே நேரத்தில் வலித்தால் நினைக்கவே நினைக்காதே. கதவைத் திறந்து வெளியே போய் நில், அவனையும் இழுத்துக்கொண்டு போ.

குர்ஜித்திடம் எப்படிச் சொல்வது என்றுதான் உனக்குக் கவலை இருக்கும். அவன் வேன், அவன் ரூம், அவன் காட்டிய வேலை. நானும் அப்படித்தான் கணக்குப் பார்த்தேன். இப்போது யோசித்தால், நான் அன்றைக்குக் கதவைத் திறந்திருந்தால் அக்கா என்ன செய்திருப்பாள்? திட்டியிருப்பாள். "திமிரு பிடிச்சவ" என்று சொல்லியிருப்பாள். சாயங்காலம் மறந்துபோய்த் தோசை ஊற்றிக் கொடுத்திருப்பாள். இத்தனை வருடம் சாம்பிராணியும் போட்டிருப்பாள். அவன் மனம் கோணக்கூடாது என்று நீ சிரித்துவிட்டுப் படுத்தால், அவன் அம்மாவும் அங்கே ஒரு போனுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறவள்தான். உன் கூச்சம் உன்னோடு நிற்காது, பக்கத்தில் படுத்திருக்கிறவனையும் சேர்த்துத்தான் பிடிக்கும். திறக்கலாமா என்று அவனிடம் கேட்காதே. கேட்டால் உன் குரல் இறங்கிவிடும், என்னைப் போல. உன் அப்பா ஏசியைப் போட்ட மாதிரி கையை நீட்டித் துண்டை எடுத்துவிடு. அவன் கத்தினால் கத்தட்டும். எங்க அம்மா ஒரு மாதிரி என்று என்மேல் பழியைப் போடு. நிஜமாகவே என்மேல் இருக்க வேண்டிய பழிதான்.

இதைப் படித்ததும் எனக்குப் பெரிதாக எதுவும் எழுத வேண்டாம். கோபம் இருந்தால் வைத்துக்கொள், நேரில் வரும்போது திட்டு, கேட்டுக்கொள்கிறேன். அந்த ஆறாம் வகுப்புக் கட்டுரை என் பீரோவில்தான் இருக்கிறது, வேண்டுமானால் கிழித்துவிடு. இப்போது ஒன்றே ஒன்று செய். வேனுக்குப் போய், மெத்தையில் மல்லாக்கப் படுத்து, கூரையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அதில் நீ வர வேண்டாம், அவன் வர வேண்டாம், ஐஸும் வேண்டாம். அந்தத் திறப்பு வழியாகக் கொஞ்சம் வானம் தெரிந்தால் போதும்.

உன் அம்மா